மந்திரித்த கேமரா

சாந்தோமில் எங்கள் தெருமுனையில் இருக்கும் சூசையப்பர் கெபிக்கு, குகைபோல் கட்டின சின்னக் கோயிலுக்கு, மே மாதம் முதல் தேதி திருவிழா. பூசை முடிந்ததும் ஏலம் நடக்கும். சேவல், பரங்கிக்காய், சோடா கேஸ், யாரோ நேர்ந்துகொண்ட புறா ஜோடி என்று வரிசையாகப் போகும். ஆனால் ஜனங்கள் அந்த வெயிலில் கலையாமல் நிற்பது கடைசியில் வரும் மூடின பொட்டலத்துக்காகத்தான். எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த யாராவது ஒருவர் தங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் பொருளைத் துணியில் சுற்றி, வாயைத் தைத்து, பெயர் சொல்லாமல் கொண்டுவந்து வைப்பார்கள். உள்ளே இருப்பது என்னவென்று ஏலம் கேட்கிறவனுக்குத் தெரியாது. பிரித்த பிறகு முகத்தைச் சுளிக்கவும் கூடாது. அடுத்த திருவிழா வரைக்கும் அதை விற்கவும் கூடாது. எந்தப் புத்தகத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை. ஆனால் எங்கள் தெருவில் எழுதாத சட்டத்துக்குத்தான் மரியாதை அதிகம்.

மயிலாப்பூர் மின்வாரிய ஆபீசில் போர்மேனாக இருக்கும் லியோனார்ட் நல்ல மனுஷன். டிரான்ஸ்பார்மர் மேல் ஏறி நின்றாலும் நிதானம் தவறாதவர். சகலை நோயல் எதிரே வந்து நின்றால் மட்டும் அந்த நிதானம் எங்கேயோ போய்விடும். நோயல் லியோனார்டின் மனைவி மர்சலினுடைய தங்கையைக் கட்டியவர், மந்தைவெளியில் டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். இருவரும் ஒன்றாகத்தான் மீன் வாங்கப் போவார்கள், ஒரே பெஞ்சில்தான் பூசை பார்ப்பார்கள். ஏலம் என்று வந்துவிட்டால் மட்டும் ஜென்மப் பகை. இந்த வருஷமும் நோயல் ஒன்று சொல்ல, லியோனார்ட் ஒன்று ஏற்ற, மர்சலின் முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்க, பொட்டலம் லியோனார்ட் கைக்கு வந்தது.

பிரித்தால் மூன்று லென்ஸ். குட்டையாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, முழங்கை நீளத்துக்குக் கனமாக ஒன்று. மூன்றிலும் நிக்கான் என்று எழுதியிருந்தது. துணியை உதறி உதறிப் பார்த்தார்கள். கேமரா இல்லை.

"இன்னா சகல, மூடி மட்டும் கீது, குண்டான காணோமே!" என்று நோயல் சத்தமாகச் சொல்ல, கெபியே சிரித்தது.

லியோனார்ட் அசடு வழிந்துகொண்டு நின்ற அந்த நேரத்தில்தான் அவருடைய மகள் ஜொவிட்டா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தாள். நீளமான லென்ஸைக் கையில் எடுத்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், "டாடி!" என்று ஒரு அலறல். புறா ஜோடி பயந்து கூண்டுக்குள் சிறகடித்தது.

"டாடி, இது இன்னான்னு தெரியுமா? இதெல்லாம் நான் நெட்ல பாத்து பெருமூச்சு விட்ட லென்ஸு டாடி! இதுக்கு ஒரு கேமரா பாடி கெடச்சா போதும். பழசுன்னாலும் போதும்!"

ஜொவிட்டா மந்தைவெளியில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறாள். வாயைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பது வேலை. அவளுடைய உயிர் அதில் இல்லை. விடிந்தும் விடியாததுமாகப் பட்டினப்பாக்கம் போய், வலை உதறுகிறவர்களையும் மீன் கூடை தூக்குகிறவர்களையும் செல்போனில் எடுப்பாள். நன்றாகவே எடுப்பாள். எங்கள் தெருவில் பாதிப் பேருடைய வாட்ஸப் படம் அவள் எடுத்ததுதான்.

அன்றைக்கு அவள் அலறியது பங்குச் சாமியார் கஸ்பார் காதிலும் விழுந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் புதுநன்மை. முதல் முறையாக நற்கருணை அப்பம், எங்கள் பேச்சில் 'நன்மை', வாங்கப்போகும் பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வரிசையாக வருவார்கள். ஒவ்வொரு பிள்ளையும் வாங்கும் அந்த ஒரு கணத்தைப் படம் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டாத வீடு எங்கள் பங்கில் கிடையாது. வழக்கமாக எடுக்கும் ஸ்டூடியோக்காரர் அன்றைக்கு முகூர்த்தம் என்று கையை விரித்துவிட்டார்.

"நீ எடுக்குறியாம்மா?" என்றார் ஃபாதர். "நல்லா வந்துச்சுன்னா இனிமே கோயில் விசேஷம் அத்தனைக்கும் உன்னையே கூப்புடுறேன். ஆனா ஒண்ணு, ஃப்ளாஷ் அடிக்கக் கூடாது."

"எடுக்குறேன் ஃபாதர்" என்று சொல்லிவிட்டாள். கையில் கேமரா இல்லை என்பது சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது.

பக்கத்தில் நின்றிருந்த பொன்மணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவள், அவள் மகன் ஆஸ்வினும் இந்த வருஷம் வாங்குகிறான். "கண்ணு, எம் புள்ள மூஞ்சி நல்லா வரணும். பெரியவனுக்கு எட்த்தப்போ கண்ண மூடிகினு கீறான். போன தபா அந்த ஆளு கைல கால்ல வியிந்து கேட்டேன், ஒரு தபாதான்மா எடுப்பேன்னு பூட்டான்."

"வரும்க்கா. நான் எடுக்குறேன், பாரு" என்றாள் ஜொவிட்டா. அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அப்பாவும் மகளும் ஸ்கூட்டரில் தி.நகர் போனார்கள். லென்ஸ் மூன்றையும் மர்சலின் பழைய உல்லன் சால்வையில் சுற்றி, டிபன் கூடையில் வைத்துக் கொடுத்திருந்தாள். உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்தில், துணிக்கடைக்கு மேல் மாடியில் கலீமுல்லாவின் கடை. பழைய கேமரா வாங்கி விற்பது அவர் தொழில். கீழே ஸ்கூட்டரை நிறுத்தினால் வண்டி தூக்குகிற போலீஸ் லாரி சுற்றிக்கொண்டிருந்தது.

"நீ மேல போம்மா, நான் வண்டியாண்ட நிக்கிறேன்" என்றார் லியோனார்ட். பிற்பாடு நடந்த அத்தனைக்கும் இந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

கலீமுல்லா லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். "மாஷா அல்லா! கடலோரத்துல இருந்து வருதுன்றீங்க, ஒரு பொட்டு பூஞ்ச இல்லையேம்மா. வெச்சிருந்தவரு புள்ளயாட்டம் பாத்திருக்காரு."

"பாய், இதுக்கு எந்த பாடி போடலாம்? ரொம்ப வெல வேணாம்."

அவர் மேசைமேல் இரண்டு கேமராவை எடுத்து வைத்தார். ஒன்று பளபளப்பாக, கைக்கு அடக்கமாக, பின்னால் திரை கதவுபோல் திறந்து திரும்பியது. டி5300. இன்னொன்று கனமாக, பிடிக்கிற இடத்தில் ரப்பர் தேய்ந்து, மூலையில் கருப்பு உதிர்ந்து உலோகம் தெரிந்தது. டி7000.

"பார்வைக்கு அது அழகு. வயசும் அதுக்குக் கம்மி, இருட்டுலயும் நல்லா வரும்" என்றார். "ஆனா உங்க லென்ஸு பழைய டைப்பும்மா. லென்ஸுக்குள்ள மோட்டார் கெடையாது. பாடிக்குள்ள இருக்குற மோட்டார்தான் திருப்பணும். இங்க பாருங்க, இந்தக் கெழவன் வாய் ஓரத்துல சின்னதா திருப்புளி மொன மாதிரி ஒண்ணு நீட்டிட்டு இருக்கு, தெரியுதா? அந்த அழகன்கிட்ட பாருங்க, அது இல்ல. அவன்ல மாட்டினா படம் வரும், ஆனா ஃபோகஸ் தானா ஓடாது. நீங்கதான் கையால திருப்பணும்."

"கையால திருப்புறதுக்குள்ள புள்ள வாங்கிட்டுப் போயிடும் பாய்."

"அப்ப கெழவன்தான். மாட்டிப் பாருங்க."

நீளமான லென்ஸை மாட்டி, ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துப் பொத்தானைத் தொட்டாள். உள்ளே 'கர்ரக்' என்று ஒரு சத்தம், கை அதிர்ந்தது. மங்கலாக இருந்த தெரு சட்டென்று தெளிந்தது. நடுவில் டாடி. ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்து, கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, லாரி வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மீசையில் இருந்த வியர்வைகூடத் தெரிந்தது. ஜொவிட்டா மூச்சை அடக்கிக்கொண்டு அமுக்கினாள்.

"பாய், எனக்கு இதுதான். இதேதான்."

"எத்தன தடவ அமுக்கியிருக்காங்கன்னு கம்ப்யூட்டர்ல காட்டுறேன், அதையும் பாத்துட்டு சொல்லும்மா. அவசரப்படாத."

அதையும் பார்த்தாள். ஓடின வண்டிதான், ஆனால் இன்னும் ஓடும். சனிக்கிழமை சம்பளம் வந்ததும் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, கிழவனை நாலு பக்கமும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு இறங்கினாள். அப்பாவிடம் மாடலையும் விலையையும் மட்டும் சொன்னாள். மோட்டார் கதையை அன்றிரவு அம்மாவிடம் சொன்னாள், மறுநாள் பல் ஆஸ்பத்திரியில் சொன்னாள், பொன்மணியிடம்கூட மீன்கடையில் நின்று கைஜாடையோடு சொன்னாள். அப்பாவிடம் சொல்லத்தான் விட்டுப்போயிற்று. சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் கிழவனின் படத்தைக் கடை பெயரோடு போட்டு, 'சனிக்கிழமை இவன் நம்ம வூட்டுக்கு வர்றான்' என்று எழுதினாள். அதன் கீழே அத்தைகளும் சித்திகளும் இதயம் இதயமாகப் போட்டார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் மர்சலின் நெத்திலியை ஆய்ந்துகொண்டிருந்தாள். தடைக்காலம், பெரிய படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை. பொன்மணி தயவில் நெத்திலியாவது கிடைத்தது. மர்சலின் மூன்றாம் வகுப்பு டீச்சர், ஞாயிற்றுக்கிழமைகளில் புதுநன்மைப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பதும் அவள்தான். கத்திரி வெயில் சமையலறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. கறிவேப்பிலை தாளிக்கிற நேரத்தில் லியோனார்ட் உள்ளே நுழைந்தார். மார்போடு அணைத்தபடி ஒரு டப்பா, முகமெல்லாம் பல்.

"ஜொவி! இங்க வா. மர்சி, அடுப்ப நிறுத்திட்டு வா. இன்னா கீதுன்னு சொல்லு பாக்கலாம்!"

திறந்தார். அழகன் உட்கார்ந்திருந்தான். டி5300.

"எங்க ஆபீஸ் பையனோட மச்சான், வேளச்சேரில கீறான். ஐ.டி. கம்பெனி. ரெண்டு தபாகூட வெளிய எடுத்ததில்லயாம். நீ பாத்தியே, அதவிட புச்சு, அதவிட கம்மி! ரயில்ல போய் நானே பாத்து, நானே அமுக்கி, படம் பளிச்சுன்னு வந்துச்சு. நேரா கோயிலுக்குப் போய் ஃபாதராண்ட மந்திரிச்சு, தீர்த்தம் தெளிச்சு எடுத்துக்கினு வந்துட்டேன்!"

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டில் புதிதாக வந்த எந்தப் பொருளும் மந்திரிக்காமல் ஸ்விட்ச் போடப்பட்டதில்லை. ஸ்கூட்டர், பிரிட்ஜ், மிக்சி எல்லாம் தீர்த்தம் பட்ட பிறகுதான் ஓடின. இன்வெர்ட்டர் பேட்டரியைக்கூட ஆட்டோவில் ஏற்றிச் சாமியார் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோன குடும்பம் அது. மந்திரித்த பொருளைக் காசுக்கு விற்பது பாவம் என்பது லியோனார்டின் அசைக்க முடியாத நம்பிக்கை. பழைய ஸ்கூட்டரைக்கூட விற்காமல் தம்பிக்குச் சும்மா கொடுத்தவர்.

ஜொவிட்டா குட்டை லென்ஸை எடுத்து மாட்டினாள். பொத்தானைத் தொட்டாள். சத்தம் இல்லை. இன்னொரு முறை தொட்டாள். எதிரே அப்பாவின் முகம் மங்கலாகவே இருந்தது.

"அங்க நம்ம லென்ஸ மாட்டிப் பாத்தியா டாடி?"

"ரயில்ல கூட்டமா கீது, கீழ கீழ போட்டுட்டா? அவன் லென்ஸு ஒண்ணு மாட்டியிருந்தான், அதுல பாத்தேன். ஏன்?"

ஜொவிட்டா கேமராவை மேசைமேல் மெல்ல வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிற சத்தம் வெளியே கேட்டது.

மர்சலினுக்கு வந்ததே கோபம். "ஏங்க, செருப்பு வாங்கினாக்கூட கால்ல போட்டுப் பாப்போம். பொருத்திப் பாக்காம மந்திரிச்சுட்டு வந்தீங்களா! திருப்பிக் குடுத்துட்டு வாங்க."

"மந்திரிச்சத எப்டிம்மா திருப்பிக் குடுக்கறது? காசு வாங்கணுமே."

"அப்ப மாலையப் போட்டு பீடத்துல வைங்க!"

மர்சலின் எடுத்துச் சொல்ல, லியோனார்டுக்கு மோட்டார் கதை அப்போதுதான் விளங்கியது.  நெத்திலிக் குழம்பு ஆறிப்போய்க் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஜொவிட்டா கதவைத் திறந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கலீமுல்லாவுக்குப் போன் போட்டாள். அப்பா போடுவதாக இருந்த பணம் அழகனுக்குப் போய்விட்டது, கிழவனைப் பிடித்து வைத்தால் தன் சம்பளத்தோடு சிநேகிதிகளிடம் கைமாற்று வாங்கி எடுத்துவிடலாம் என்று எண்ணம்.

"அய்யோ, இப்பதான்மா ஒருத்தர் வந்து எடுத்துட்டுப் போனாரு. பேரம்கூட பேசல. நீங்க முன்பணம் குடுத்திருந்தா நான் வெச்சிருப்பேனே."

அவ்வளவுதான். அன்று அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலில் ஒத்திகை. வேறு வழி இல்லாமல் ஜொவிட்டா அழகனைத்தான் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனாள். மர்சலின் கையில் பிரம்பு இல்லாத குறைதான். "கைய ஒண்ணு மேல ஒண்ணு வை. இடது கை மேல இருக்கணும். ஃபாதர் 'கிறிஸ்துவின் திருவுடல்'னு சொன்னா, நீ இன்னா சொல்லணும்? வாய்க்குள்ள முணுமுணுக்கக் கூடாது, கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும்!"

"ஆமென்!" என்று கத்தினான் பொன்மணி மகன் ஆஸ்வின். கூரையில் இருந்த புறா பறந்தது.

ஜொவிட்டா லென்ஸ் வளையத்தைக் கையால் திருப்பித் திருப்பி எடுத்தாள். பிள்ளை வந்து நிற்பதற்குள் வளையம் ஒரு மயிரிழை தள்ளிப்போகும், திரும்பக் கொண்டுவருவதற்குள் பிள்ளை போய்விடும். நாலுக்கு ஒன்று தேறியது. தேறினது மட்டும் என்னமாய் இருந்தது! இருட்டான பீடத்தடியில், மெழுகுதிரி வெளிச்சத்தில், பிள்ளையின் கண்ணிமை முடிகூட எண்ணுகிற மாதிரி. மற்ற மூன்றும் வெறும் வெள்ளைப் புகை. அவளுக்கு ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"ஏய், கோட்டத் தாண்டாத!" என்று மர்சலின் ஒரு பையனை அதட்டினாள். ஒவ்வொரு வருஷமும் அவள் பீடத்தின் முதல் படிக்கு முன்னால் சாக்பீசால் ஒரு கோடு போடுவாள். பிள்ளை அந்தக் கோட்டில் கட்டைவிரல் படும்படி நின்றுதான் வாங்க வேண்டும். ஒரு விரற்கடை முன்னே வந்தாலும் டீச்சர் விடமாட்டாள்.

ஜொவிட்டா கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"மம்மி! எல்லாப் புள்ளயும் இதே கோட்டுலதான நிக்கும்? அப்ப எதுக்கு நான் ஒவ்வொரு தடவயும் திருப்பிக்கினு இருக்கேன்? ஒரு தடவ இந்தக் கோட்டுக்கு ஃபோகஸ் வெச்சு, வளையத்த டேப்பு போட்டு ஒட்டிட்டா முடிஞ்சுதே!"

ஒரு கேமராவை ஒரே இடத்தில் கட்டி நிறுத்தினால் நன்மை வாங்கும் படம் மட்டும் தப்பாமல் வரும். ஆனால் பிள்ளைகள் வரிசையில் வருவது, அம்மாமார் கண்ணைத் துடைப்பது, மெழுகுதிரி ஏந்தி நிற்பது, இதெல்லாம் யார் எடுப்பது? கட்டின கேமராவை யார் அமுக்குவது? பாதி சந்தோஷத்தோடும் பாதிக் கவலையோடும் வீட்டுக்கு வந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் நோயல் வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. உட்காரக்கூட இல்லை, பையிலிருந்து எடுத்து ஜொவிட்டா மடியில் வைத்தார். ரப்பர் தேய்ந்த, மூலை உதிர்ந்த கிழவன்.

"சித்தப்பா!" ஜொவிட்டா குதித்த குதியில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "நீயா? பேரம் பேசாம எடுத்துட்டுப் போனது நீயா!"

"குரூப்ல போட்ட இல்ல? பாத்தேன், கடையப் பூட்டினேன், போனேன். நீ எழுதின மாதிரியே சனிக்கிழம வூட்டுக்கு வந்துட்டான் பாரு."

லியோனார்டின் முகம் இறுகிவிட்டது. "இன்னா சகல, ஏலத்துல தோத்ததுக்குப் பழி வாங்குறியா? எம் பொண்ணுக்கு வாங்கிக் குடுக்க எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்ச லட்சணத்ததான் வாங்கி வெச்சிருக்கியே, மந்திரிச்சு!"

"எடுத்துக்கினு போ. இல்ல, வெலய சொல்லு, சம்பளத்துல குடுத்துடறேன்."

"உனக்கு எவன் வாங்கினான்? அவளுக்கு ஞானஸ்நானம் குடுக்கும்போது தொட்டியாண்ட யார் கையில இருந்தா? உன் கையிலயா? நீ தள்ளி நின்னு கை கட்டிக்கினு இருந்த. நான்தான் தூக்கிப் புடிச்சுக்கினு இருந்தேன். தண்ணி ஊத்தினப்போ எஞ்சட்டைலதான் மூத்திரம் போனா! நான் அவளுக்கு ஞானத் தகப்பன். ஞானத் தகப்பன் குடுக்கறத வேணான்னு சொல்ல பெத்தவனுக்கே பாத்தியதை கெடையாது."

  பேச்சு நியாயமாக இருந்ததுதான் லியோனார்டுக்கு அதிகம் வலித்தது. அவர் மேசைமேல் இருந்த அழகனை எடுத்து டப்பாவுக்குள் வைக்கப் போனார்.

"டாடி, அத எங்க எடுத்துக்கினு போற?" என்றாள் ஜொவிட்டா.

"உள்ள வெக்கிறேன்மா. அதான் நல்லது வந்துடுச்சே."

"எனக்கு ரெண்டும் வேணும்."

"சும்மா என் மனசு நோவக் கூடாதுன்னு சொல்லாத."

"அய்யோ டாடி, நேத்து எடுத்தத பாரு." ஆஸ்வின் படத்தைக் காட்டினாள். "இருட்டுல இவ்ளோ சுத்தம் சித்தப்பாவோடதுல வராது. இதக் கோட்டுக்கு ஒட்டி நிறுத்தி வெச்சுடுவோம். நான் கெழவன எடுத்துக்கினு சுத்தி சுத்தி எடுக்குறேன். நீ இதாண்ட நின்னு அமுக்கு."

"நானா!" லியோனார்ட் பதறிப் பின்வாங்கினார். "நன்மை குடுக்கற நேரத்துல நான் தல நிமுந்ததே இல்லம்மா. பீடத்தாண்ட நின்னு வேடிக்க பாக்க எனக்கு ஒடம்பு நடுங்கும்."

"பாக்கவே வேணாம் டாடி. நீ தலையக் குனிஞ்சுகினே இரு. புள்ள 'ஆமென்'னு சொல்லும் இல்ல? காதுல கேட்டதும் அமுக்கு. மம்மி ட்ரெயினிங்க்கு கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கும்."

லியோனார்ட் மனைவியைப் பார்த்தார். சகலையைப் பார்த்தார். நோயல் மீசையைத் தடவிக்கொண்டு, "இன்னா பாக்கற? எல்லா லைனும் நீதான இழுத்துக் கட்டுவ. ஒரு கேமராவ கட்டத் தெரியாதா?" என்றார்.

அது போதும். அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரே அமளி. பாட்டுக் குழுவில் சும்மா கிடந்த மைக் ஸ்டாண்டை நோயல் ஸ்கூட்டரில் கொண்டுவந்தார். லியோனார்ட் அதன் தலையில் ஒரு பலகைத் துண்டை முடுக்கி, அதன்மேல் அழகனை வைத்து, மின்வாரியத்துக் கருப்பு டேப்பால் சுற்றோ சுற்றென்று சுற்றினார். புயலே வந்தாலும் அசையாது. ஹாலில் சாக்பீசால் கோடு போட்டு, அதில் மர்சலின் மண்டிபோட்டுப் பிள்ளை உயரத்துக்கு நிற்க, நோயல் சாமியாராக நடித்தார். கையில் முறுக்குத் துண்டு. "நோயல், மூஞ்சிய ஒழுங்கா வெச்சுக்கோ" என்று மர்சலின் அதட்ட, எல்லோரும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. "ஆமென்" என்று மர்சலின் சொல்லச் சொல்ல லியோனார்ட் தலைகுனிந்தபடி அமுக்கிப் பழகினார். சாயங்காலம் கிழவனையும் மந்திரிக்க எடுத்துப் போனார்கள். ஃபாதர் கஸ்பார் தீர்த்தச் செம்பைக் கையில் எடுத்துவிட்டு, "முதல்ல லென்ஸ மாட்டி ஓட்டிக் காட்டுங்க, அப்புறம்தான் தெளிப்பேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை. கோயில் நிரம்பி வழிந்தது. விசிறி அத்தனையும் சுற்றியும் எல்லோருக்கும் முதுகு நனைந்திருந்தது. வெள்ளை உடுப்பும் கையில் மெழுகுதிரியுமாகப் பிள்ளைகள் வரிசையில் வர, ஜொவிட்டா நீளமான லென்ஸோடு தூணுக்குத் தூண் தாவினாள். 'கர்ரக், கர்ரக்' என்று கிழவன் உறுமுவது பாட்டையும் மீறி எனக்கே கேட்டது. பொன்மணி புதுப் புடவையில் அழுதுகொண்டே சிரித்ததை எடுத்தாள். நோயல் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்ததையும் விடவில்லை. பீடத்துக்குப் பக்கவாட்டில், மைக் ஸ்டாண்டுக்குப் பின்னால், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் லியோனார்ட். தலை மார்பைத் தொட்டது. ஒரு விரல் மட்டும் பொத்தான்மேல்.

"கிறிஸ்துவின் திருவுடல்."

"ஆமென்!"

விரல் அமுங்கியது. அடுத்த பிள்ளை, அடுத்த ஆமென். எந்தப் பிள்ளையும் கோட்டைத் தாண்டவில்லை. ஆஸ்வின் சொன்ன ஆமெனில் சாமியாரே ஒரு கணம் திடுக்கிட்டுப்போனார். பிள்ளைகளுக்குப் பிறகு பெரியவர்கள் வாங்கினார்கள், லியோனார்ட் அமுக்கவில்லை. வரிசையின் கடைசியில் ஜொவிட்டா வந்து நின்றாள், கேமரா கழுத்தில் தொங்க, கை ஒன்றின்மேல் ஒன்றாக. "ஆமென்" என்றாள். விரல் அமுங்கியது.

பூசை முடிந்ததும் அழகனின் திரையைத் திறந்து திருப்பி வைத்தார்கள். அம்மாமார் மொய்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பிள்ளையும் வாய் திறந்து, கண் விரிந்து, ஆமென் சொல்லும் அந்தக் கணத்திலேயே நின்றது. ஒருவர்கூடக் கண்ணை மூடவில்லை. வாய்விட்டுக் கத்துகிற பிள்ளை எப்படிக் கண்ணை மூடும்? பொன்மணி திரையில் தன் மகன் முகத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "எங்க வூட்டுப் புள்ளயா இது? இவ்ளோ அழகா பெத்தனா நானு?" என்றாள். ஃபாதர் கூட்டத்துக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "ஜொவிட்டா, அந்தோணியார் திருவிழா உனக்கு. அதுக்கப்புறம் வர்ற ரெண்டு கல்யாணத்துக்கும் சொல்லிடுறேன், வேற எங்கயும் வாக்குக் குடுத்துடாத" என்றார். ஜொவிட்டா அங்கேயே அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

நோயல் கடைசிப் படத்துக்குத் தள்ளினார். "இன்னா சகல இது?"

பிள்ளைகளின் உயரத்துக்கு நிறுத்தின கேமரா. ஜொவிட்டா வளர்ந்தவள். படத்தில் அவள் கழுத்துக்குக் கீழேதான் இருந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக நீட்டிய இரண்டு கை, மார்பில் தொங்கும் கேமரா, அவ்வளவுதான். தலை இல்லை. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"மூஞ்சியே வரல டாடி, அழிச்சுடவா?" என்றாள் ஜொவிட்டா, சிரிப்பை அடக்க முடியாமல்.

லியோனார்ட் சட்டென்று கேமராவின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

"அழிக்காத. மூஞ்சிய நான் பாத்துட்டேன்."

சிரித்துக்கொண்டிருந்த மர்சலின் அவர் பக்கம் திரும்பினாள். முப்பது வருஷமாக நன்மை கொடுக்கிற நேரத்தில் தலை நிமிராத மனுஷன், வேறெங்கோ பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.